பூகெரா எல் வாஃபி: பதக்கத்துக்குப் பின்னும் ஒரு வாழ்க்கை

வருடந்தோறும் தை, மாசி மாதங்களில் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும். அவற்றுக்குக் கட்டியம் கூறுவது போல முதலில் நடப்பது மரதன் ஓட்டம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும், இரணைமடுவை அண்டிய குடியேற்றத் திட்டங்களின் உள்வீதிகளிலும், வவுனியாவின் குளக்கட்டுகளிலும் விடியற்பொழுதில் பிள்ளைகள் ஓடுவார்கள். பலருக்குக் காலணி இராது. படலைகளில் நிற்கும் தாய்மார் தண்ணீர்ச் செம்பும் தோடம்பழத் துண்டும் நீட்டுவார்கள். ஐந்தோ எட்டோ கிலோ மீற்றர் தூரந்தான். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோ மீற்றர். ஆயினும் எமது ஊர்களில் இதற்கும் மரதன் என்பதே பெயர்.

அவ்வோட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு முதலாவதாக வரும் மாணவனோ மாணவியோ ஒவ்வோர் ஊரிலும் உண்டு. வலயம், மாவட்டம், மாகாணம் எனச் சென்று சான்றிதழ்களுடன் திரும்பும் பிள்ளை அது. பின்னர் சாதாரண தரப் பரீட்சையோடோ உயர்தரப் பரீட்சையோடோ அப்பெயர் போட்டி முடிவுகளிலிருந்து மறைந்துவிடும். விசாரித்தால், மேசன் வேலைக்குச் சென்றதாகவோ, ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறத் தொடங்கியதாகவோ, கட்டாருக்குப் புறப்பட்டுவிட்டதாகவோ தெரியவரும். இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. வீட்டில் கடன் இருக்கும். தந்தை போரில் இறந்திருப்பார், அல்லது காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். நாளொன்றின் கூலி போனால் அன்றைய உலைக்கு அரிசி இல்லை என்ற நிலையில், பதினைந்து கிலோ மீற்றர் பயிற்சி ஓட்டம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே அவ்வீட்டாருக்குத் தோன்றும்.

ஓட்டம், உழைப்பு, படிப்பு ஆகிய மூன்றையும் ஒருவர் ஒரே காலத்தில் தாங்க இயலுமா என்ற வினா எழும்போதெல்லாம் எமது நினைவுக்கு வருபவர் இந்நாட்டவரல்லர். அல்ஜீரியாவில் பிறந்து, பிரான்ஸில் ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்து, 1928 ஆம் ஆண்டு ஒலிம்பிக் மரதனில் தங்கம் வென்று, பின்னர் அதே பிரான்ஸில் வறுமையில் உழன்ற பூகெரா எல் வாஃபியே அவர். 2028 இல் அவ்வெற்றிக்கு நூறு ஆண்டு நிறைவுறுகின்றது. தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது சொற்பமே. அவரது கதையில் எமது பிள்ளைகளுக்குரிய செய்தி ஒன்று உண்டு என்பதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர் தமது ஒலிப்புக்கேற்ப எழுதிய வடிவமே எல் வாஃபி என்று உலகெங்கும் வழங்குகின்றது. அரபு மொழியில் அது அல் வாஃபி. குறைவின்றி நிறைவேற்றுபவர், வாக்குத் தவறாதவர் என்ற பொருள் தரும். அரபுப் பெயர்களை நாளாந்தம் உச்சரிக்கும் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1898 ஒக்டோபரில் பிஸ்க்ரா நகருக்கு அப்பால், சகாராப் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள ஊலத் ஜல்லால் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பேரீச்சைக்கும் செம்மறியாட்டுக்கும் பெயர்போன இடம். அல்ஜீரியாவின் புகழ்பெற்ற செம்மறி இனம் ஒன்று இன்றும் அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. 1830 இல் பிரான்ஸ் அந்நாட்டினுள் புகுந்தது. எல் வாஃபி பிறந்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள் பிரான்ஸின் ஆளுகைக்குட்பட்டவர்களே அன்றிப் பிரான்ஸின் குடிமக்களல்லர். அவர்களுக்கெனத் தனியான தண்டனைச் சட்டங்கள் இருந்தன. வாக்குரிமை பெயரளவில்தான். ஆனால் போர் வந்தபோது பிரான்ஸின் படையில் அவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. எல் வாஃபியும் அப்படையில் சேர்ந்தார். அவருடைய கால்களின் வலிமையை முதலில் கண்டுகொண்டவர்கள் அங்கிருந்த அதிகாரிகளே. அவர்கள்தாம் அவரைப் போட்டிக்கென பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தனர்.

இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்க வேண்டியுள்ளது. ஏழைக்கு விளையாட்டில் வேலையும் சோறும் பயிற்சியும் ஒருங்கே தரும் அமைப்பு அன்றும் இன்றும் பெரும்பாலான நாடுகளில் இராணுவமே. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா பேரரசரின் மெய்க்காவற் படையில் இருந்தவர். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சற்றோபெக் சப்பாத்துத் தொழிற்சாலையில் தொடங்கிப் படை அதிகாரியானவர். இலங்கையிலும் தேசிய மட்ட மெய்வல்லுநர்களில் பெருந்தொகையினர் முப்படைகளினதும் பொலிஸினதும் கழகங்களைச் சேர்ந்தவர்கள். வன்னியின் இளைஞர்களுக்கு அந்த வாயில் ஏன் இலகுவானதல்ல என்பதனை இப்பத்தியைப் படிப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வாயிலுக்கு மாற்றாக வேறொன்று இங்கே அமைக்கப்படவுமில்லை. எல் வாஃபி ஆளுவோரின் சீருடையில் ஓடியதற்காக அவரை அவமதிப்போரும் உளர். அவருக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான் என்பதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1924 இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் பிரான்ஸின் சார்பில் மரதன் ஓடிய அவர் ஏழாவதாக வந்தார். பின்லாந்தின் அல்பின் ஸ்டென்றூஸ் அதில் தங்கம் வென்றார். ஏழாம் இடத்துக்குப் பதக்கம் இல்லை. ஏழாம் இடம் பெற்றவரின் எதிர்காலம் குறித்து அக்கறை கொள்வோரும் இல்லை. எல் வாஃபி பாரிஸ் நகரத்தை ஒட்டிய பில்லன்கூரில், செய்ன் ஆற்றங்கரையில் இருந்த ரெனோல்ட் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். அக்காலத்தில் வட ஆபிரிக்காவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் பிரான்ஸின் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தனர். முதலாம் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்நீத்த முஸ்லிம் படையினரை நினைவுகூர்ந்து பாரிஸின் பெரிய பள்ளிவாசல் 1926 இல் திறந்துவைக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு அழகிய மினாராவும் உயிரோடிருந்தவர்களுக்கு எண்ணெய் படிந்த பட்டறையும் கிடைத்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

பட்டறை வேலையின் இயல்பை அறிந்தவர்களுக்கே அவரது பயிற்சியின் கடுமை விளங்கும். பிரான்ஸில் எட்டு மணித்தியால வேலைநாள் 1919 இல் சட்டமாகியிருந்தது. ஆயினும் அது வாரத்துக்கு ஆறு நாட்கள், 48 மணித்தியாலங்கள். இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் நின்ற கால்களோடு, வேலை முடிந்த பின்னர் அவர் ஓடப் போனார். பில்லன்கூரில் இருந்த கழகம் ஒன்று அவருக்குத் துணை நின்றது. சிறிய உடல்வாகு அவருடையது. நீண்ட தூர ஓட்டத்துக்கு அது குறையன்று, நிறையே. ஆனால் பகலில் களைத்த உடல் இரவில் உறங்கித்தான் தேற வேண்டும். காலையில் தொழிற்சாலையின் சங்கு ஊதும். பயிற்சிக்கும் உறக்கத்துக்கும் இடையில் மிச்சம் பிடிக்க அவரிடம் இருந்தது மிகச் சொற்பமான நேரமே. சட்டப்படியான சம்பள விடுமுறை பிரான்ஸின் தொழிலாளர்களுக்கு 1936 இல்தான் வந்தது. அதற்கு முன் போட்டிக்கென வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கேட்கும் உரிமை எந்தத் தொழிலாளிக்கும் இருக்கவில்லை.

1928 ஓகஸ்ட் 5 ஆந் திகதி. அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அரங்கிலிருந்து 69 பேர் மரதன் ஓடப் புறப்பட்டனர். எல் வாஃபியை எவரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பின்லாந்துக்காரரையும் அமெரிக்கரையும் ஜப்பானியரையுமே பார்வையாளர் எதிர்பார்த்திருந்தனர். கால்வாய்களை ஒட்டிய தட்டையான பாதையில் முன்னணியில் ஓடியவர்கள் ஜப்பானின் கனேமத்சு யமாதாவும் அமெரிக்காவின் ஜோயி ரேயும் வேறு சிலருமாவர். எல் வாஃபி வெகு பின்னால் தம் வேகத்தில் வந்துகொண்டிருந்தார். மரதனை அறிந்தவர்கள் சொல்வதுண்டு, முப்பது கிலோ மீற்றர் வரை ஓடுவது ஓர் ஓட்டம். அதன் பின்னர் தொடங்குவது வேறோர் ஓட்டம் என்று. அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் அவர் முன்னே வந்தார். களைத்துப்போனவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, இறுதிக் கிலோ மீற்றர்களில் யமாதாவையும் ரேயையும் பின்தள்ளி, அரங்கினுள் தனியாக நுழைந்தார். நேரம் 2 மணித்தியாலம் 32 நிமிடம் 57 செக்கன். 26 செக்கன் பின்னால் சிலி நாட்டின் மனுவெல் பிளாசா. மூன்றாவதாக பின்லாந்தின் மார்த்தி மார்த்தெலின்.

அவர்களுள் பிளாசாவைப் பற்றி, பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் ஒன்றைச் சொல்லாமற் செல்ல முடியவில்லை. சந்தியாகோ வீதிகளில் பத்திரிகை விற்றுத் திரிந்தவர் அவர். அந்தத் தொழிலே அவருக்குப் பயிற்சியுமாயிற்று. உலகின் மிகச் சிறந்த மரதன் ஓட்டக்காரர் இருவருள் ஒருவர் கார் பட்டறைத் தொழிலாளி, மற்றவர் பத்திரிகை விற்பனையாளர்.

அம்ஸ்டர்டாமில் மெய்வல்லுநர் பிரிவில் பிரான்ஸுக்குக் கிடைத்த ஒரே தங்கம் எல் வாஃபியினுடையது. ஆபிரிக்க மண்ணில் பிறந்த ஒருவர் ஒலிம்பிக் மரதனை வென்றதும் அதுவே முதன்முறை. பிகிலா ரோம் நகரில் வெறுங்காலுடன் ஓடி வென்றது 32 ஆண்டுகளின் பின்னர், 1960 இல். கென்யாவும் எத்தியோப்பியாவும் மொரோக்கோவும் இன்று ஆளும் ஒரு துறையின் வாசலை முதலில் திறந்தவர் அந்த அல்ஜீரியத் தொழிலாளி.

வென்றவர் என்ன பெற்றார்? பதக்கம் பெற்றார். பணமாக எதனையும் பெற முடியாது. பெற்றால் அவர் அமெச்சூர் அல்லர், அமெச்சூர் அல்லாதவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. அக்காலத்தில் இவ்விதி விளையாட்டின் தூய்மையைக் காப்பதாகப் போற்றப்பட்டது. அதனை வகுத்தவர்கள் பிரபுக்களும் செல்வந்தர்களும். அவர்களுக்கு விளையாடும் நாளில் கூலி இழப்பு என்ற பேச்சே இல்லை. வேலைக்குச் செல்லாத நாட்களுக்கான கூலியையாவது விளையாட்டு வீரருக்கு ஈடுசெய்யலாமா என்ற விவாதம் அதே 1920 களில் கடுமையாக நடந்தது. உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா ஈடுசெய்யலாம் என்றது. ஒலிம்பிக் குழு மறுத்தது. அதே 1928 மே மாதத்தில், அதே அம்ஸ்டர்டாம் நகரில் கூடிய பீபா தனக்கென ஒரு போட்டியை நடத்தத் தீர்மானித்தது. 1930 இல் உருகுவேயில் ஆரம்பமான உலகக் கிண்ணம் அதுவே. உலகக் கிண்ணத்தின் பிறப்புக்குப் பின்னால் தொழிலாளியின் நாட்கூலி பற்றிய ஒரு தகராறும் இருந்தது என்பது எமது உதைபந்தாட்ட இரசிகர்கள் பலர் அறியாத செய்தி. இழந்த கூலியை ஈடுசெய்வதற்கு ஒலிம்பிக் குழு இணங்கியது 1974 இல்தான். எல் வாஃபி இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெற்றியின் பின்னர் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் சென்றார். நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் கூரையின் கீழ் ஜோயி ரேயோடு பணத்துக்காக ஓடினார். வேடிக்கைக் காட்சிகளிலும் ஓடவிடப்பட்டார் என்று எழுதப்பட்டிருக்கின்றது. திரும்பி வந்தபோது பிரான்ஸின் மெய்வல்லுநர் சம்மேளனம் அவரைத் தொழில்முறை ஓட்டக்காரர் எனத் தீர்த்து, போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. முப்பது வயதில், தம் ஆற்றலின் உச்சத்தில் நின்றவருக்கு அத்துடன் எல்லாம் முடிந்தது. இவ்விதிக்குப் பலியானவர் அவர் மட்டுமல்லர். ஒன்பது ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மி மரதன் ஓடும் கனவோடு 1932 இல் லொஸ் ஏஞ்சலிஸ் சென்றபோது, பணம் பெற்ற குற்றச்சாட்டில் தடுக்கப்பட்டார். பிரான்ஸின் ஜூல் லதுமேக்குக்கும் அதே ஆண்டில் ஆயுட்காலத் தடை. ஆனால் நூர்மி தம் நாட்டில் வணிகராகிச் செல்வந்தரானார். லதுமேக்குக்காகப் பாரிஸ் மக்கள் குரல் கொடுத்தனர். எல் வாஃபிக்காகக் குரல் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் கிடைத்த பணத்தை அவர் பாரிஸில் ஒரு தேநீர்க் கடையில் முதலிட்டார். கூட்டாளியால் ஏமாற்றப்பட்டார். முதல் போயிற்று, கடையும் போயிற்று. பின்னர் அகப்பட்ட வேலைகளைச் செய்தும், பல காலம் வேலையின்றியும் பாரிஸின் புறநகர்களில் காலம் கழித்தார்.

அவரிடமும் தவறு உண்டா? உண்டென்றே நாம் கருதுகின்றோம். பணத்துக்காக ஓடியதைத் தவறென்று கூற எமக்கு மனம் ஒப்பவில்லை. பசித்தவன் தன் உழைப்பை விற்பது குற்றமாகாது. ஆனால் ஒரே முறை கையில் வந்த பணம் முழுவதனையும் தமக்குப் பழக்கமற்ற ஒரு தொழிலில், பிறரை நம்பி இட்டார். பட்டறை வேலையை அவர் அறிந்திருந்தார், வியாபாரத்தை அறிந்திருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பத்து ஆண்டு உழைத்த பணத்தோடு வந்து, ஒரே மழையில் கடையை இழந்த எத்தனையோ பேரைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நாம் கண்டிருக்கின்றோம். பதக்கம் பெற்றவருக்கும் அதே அறியாமை, அதே நட்டம்.

எல் வாஃபியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொருவர் இங்கிலாந்தின் றொஜர் பனிஸ்டர். அவர் மருத்துவ மாணவர். ஒக்ஸ்போர்ட்டில் படித்து, பின்னர் இலண்டன் வைத்தியசாலையில் பயிலும்போது, மதிய இடைவேளையில் கிடைத்த சொற்ப நேரத்தில் ஓடிப் பயின்றார். 1954 மே 6 ஆந் திகதி ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் அதனை ஓடிய முதல் மனிதரானார். அதே ஆண்டிலேயே ஓட்டத்தை விட்டு நரம்பியல் மருத்துவரானார். படிப்பையும் ஓட்டத்தையும் ஒருங்கே நடத்தியவர்களுக்கு உதாரணமாக ஆசிரியர்கள் அவரைச் சுட்டுவதுண்டு. தகுதியான உதாரணமே. எனினும் ஒன்றை மறக்கலாகாது. பனிஸ்டருக்கு ஓட்டம் முடிந்த மறுநாள் போவதற்கு ஒரு வைத்தியசாலை இருந்தது. அமெச்சூர் விதி அவரை எங்கும் வெட்டவில்லை. எல் வாஃபிக்கு ஓட்டம் முடிந்த மறுநாள் எதுவும் இருக்கவில்லை. ஒரே விதி ஒருவருக்கு அணிகலனும் மற்றவருக்கு விலங்குமாயிற்று.

வன்னியின் பிள்ளைகள் பலர் பனிஸ்டரின் வழியைவிட எல் வாஃபியின் வழிக்கே அண்மையில் இருக்கின்றனர். 2009 வரை போர். அதன் பின் சில ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றப்படாத நிலங்கள்; வீதியின் ஓரத்தை விட்டு இறங்கி ஓடவும் அஞ்சிய காலம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம்களின் பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்து, தண்ணீரூற்று முதலான ஊர்களுக்குத் திரும்பியபோது பெற்றோரின் வளவுகள் காடு மண்டிக் கிடந்தன. மைதானத்தைத் தேடும் முன் வீட்டுக்குக் கூரையைத் தேட வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளையாயினும் முஸ்லிம் பிள்ளையாயினும் படிப்பும் பயிற்சியும் தடைப்பட்ட அந்த ஆண்டுகளுக்கு ஈடு எவரும் தரவில்லை.

இந்நிலையிலும் ஓடுபவர்கள் இல்லாமலில்லை. எழுபது வயதைக் கடந்த முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி அம்மையார் 2023 இல் பிலிப்பைன்ஸ் சென்று, மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று திரும்பினார். அவருக்கு ஊரே திரண்டு வரவேற்பளித்தது. வரவேற்பதில் எமது மக்கள் என்றும் குறை வைத்ததில்லை. மாலை, பொன்னாடை, கேடயம், முகப்பில் படம் அனைத்தும் உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் சப்பாத்தும் சீருடையும் அனுப்புகின்றனர், அதுவும் நன்றிக்குரியதே. ஆனால் ஓடும் பிள்ளைக்கு உண்மையில் இல்லாமற்போவது சப்பாத்தன்று, நாட்கூலி. பயிற்சிக்குப் போகும் காலைப்பொழுதில் அப்பிள்ளை வயலிலோ பட்டறையிலோ நின்றால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய அந்தச் சிறுதொகை. அதனை ஈடுசெய்ய ஒருவரும் முன்வருவதில்லை. நூறு ஆண்டுக்கு முன் ஒலிம்பிக் குழு எதனை மறுத்ததோ, அதனையே இன்று நாமும் அறியாமல் மறுத்துக்கொண்டிருக்கின்றோம்.

ஒரு கூட்டுறவுச் சங்கமோ, அரிசி ஆலையோ, பிரதேச சபையோ தன்னிடம் வேலை செய்யும் ஓட்டக்காரர் ஒருவர் ஒரு மணித்தியாலம் பிந்தி வர அனுமதித்து, அந்த மணித்தியாலத்துக்குக் கூலி வெட்டாமல் விட்டால் போதும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மாகாணப் போட்டிக்குச் சென்று தவறவிட்ட பாடங்களை ஓர் ஆசிரியர் மாலையில் மீளக் கற்பித்தால் போதும். தனியார் கல்வி நிலையங்கள் காலை ஐந்தரை மணிக்கே வகுப்பை ஆரம்பிப்பதும் ஒரு தடையே. ஓடுவதற்கு ஏற்ற நேரமும் அதுதான், வன்னி வெயில் எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிடும். இவை பெருந்தொகை கேட்கும் காரியங்களல்ல. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென உள்ள சிறப்பு ஒதுக்கீடு பற்றியும், கல்வியியற் கல்லூரிகளின் உடற்கல்விப் பயிற்சி பற்றியும் எத்தனை பெற்றோருக்குத் தெரியும் என்பது கேள்விக்குறி. பதக்கத்தோடு ஒரு தொழிலோ சான்றிதழோ கைவசம் இருந்திருந்தால் எல் வாஃபியின் பிற்காலம் வேறாக இருந்திருக்கும்.

அவரை உலகம் மீண்டும் நினைவுகூர 28 ஆண்டுகள் ஆயின. 1956 டிசெம்பர் 1 ஆந் திகதி மெல்பேர்ன் ஒலிம்பிக் மரதனில் பிரான்ஸுக்காகத் தங்கம் வென்றவர் அலன் மிமூன். அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர். அவரும் பிரான்ஸின் படையில் இருந்தவர். 1944 இல் இத்தாலியின் மொண்டே கசினோப் போரில் காலில் காயமுற்று, அக்காலையே இழக்கும் நிலையிலிருந்து தப்பியவர். பாரிஸின் விளையாட்டுக் கழகம் ஒன்றில் உணவு பரிமாறும் வேலை செய்துகொண்டே ஓடிப் பயின்றவர். மூன்று முறை சற்றோபெக்கின் பின்னால் வெள்ளியோடு நின்று, கடைசியில் அவரை வென்றவர். ஆறாவதாக வந்த சற்றோபெக்கை இறுதிக்கோட்டருகே காத்திருந்து தழுவிக்கொண்டார் மிமூன்.

வெற்றிக்குப் பின் பத்திரிகையாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டினர். பிரான்ஸுக்காக மரதனில் தங்கம் வென்ற இன்னொரு அல்ஜீரியர் உயிரோடிருப்பதனைக் கண்டுகொண்டனர். எல் வாஃபி அப்போது வறுமையின் அடிமட்டத்தில் இருந்தார். மிமூன் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். ஜனாதிபதி ரெனே கொட்டி எலிசே மாளிகையில் அளித்த வரவேற்புக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். விளையாட்டரங்கு ஒன்றில் காவலாளி வேலை எல் வாஃபிக்கு வழங்கப்பட்டது. ஒலிம்பிக் தங்கம் வென்றவர், மற்றவர்கள் ஓடும் அரங்கின் கதவைத் திறந்து மூடும் வேலையை 58 வயதில் ஏற்றுக்கொண்டார். மிமூனின் பெருந்தன்மை பெரிது. அவர் அன்று தேடிப் போயிராவிட்டால் அந்த வேலையும் கிடைத்திராது.

அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. 1954 இல் ஆரம்பமான அல்ஜீரிய விடுதலைப் போர் பிரான்ஸின் வீதிகளுக்கும் வந்திருந்தது. பாரிஸில் வாழ்ந்த அல்ஜீரியர் ஒரு பக்கம் பொலிஸாருக்கும் மறுபக்கம் தமக்குள் மோதிய இயக்கங்களுக்கும் நடுவில் நின்றனர். அத்தகைய வாழ்வு எத்தகையது என்பதை வன்னி மக்கள் அறிவர். 1959 ஒக்டோபர் 18 ஆந் திகதி, 61 ஆவது வயதில் எல் வாஃபி சுட்டுக் கொல்லப்பட்டார். இயக்கத்தினர் சுட்டனர் என்று ஒரு சாராரும், குடும்பத் தகராறு என்று மறு சாராரும் எழுதினர்.

1962 இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஒலிம்பிக் பதிவேடுகளில் அந்நாட்டின் முதலாவது தங்கம் 1992 இல் பார்சிலோனாவில் ஹசிபா பூல்மேர்க்கா 1,500 மீற்றர் ஓட்டத்தில் வென்றது எனக் குறிக்கப்பட்டுள்ளது. எல் வாஃபியின் தங்கம் இன்றும் பிரான்ஸின் கணக்கிலேயே இருக்கின்றது. அவரது உடல் பாரிஸின் வடகிழக்கே, முஸ்லிம்களுக்கென அமைக்கப்பட்ட வைத்தியசாலைக்காக 1937 இல் திறக்கப்பட்ட பொபினி முஸ்லிம் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.